சின்னவனின் முடி

காலையில் கண் விழித்தபோது அவன் தலை வாரியிருந்தது.

கண்ணைத் திறக்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. இரவு முழுக்கத் தலையணையில் புரண்ட தலை கலைந்து சிக்காகித்தான் கிடக்க வேண்டும். ஆனால் நெற்றியில் வைத்த விரல்கள் தடையில்லாமல் பின்னால் வழுக்கிக்கொண்டு போயின, ஒரு சிக்கு இல்லை, ஒரு முடி விலகியிருக்கவில்லை, வகிடு அளவுகோல் வைத்துப் போட்ட கோடு மாதிரி நேராக ஓடியது. வலது பக்கம். முடி இருந்த காலத்தில் அவன் வகிடு எடுத்தது இடது பக்கம்.

எழுந்து உட்கார்ந்தான். ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. அடுத்த அறையில் அம்மாவின் தையல் மெஷின் கடகடவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது. எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. தலையணையிலிருந்து மட்டும் ஒரு வாசனை வந்தது. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கிரீஸ் வாசனை. இந்த வீட்டில் கிரீஸ் தொட்டு வேலை செய்தவன் ஒருவன்தான். அவன் செத்து எட்டு மாதம் ஆகிறது.

"தூக்கத்துல நானே கோதியிருப்பேன்," என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். சொன்னால் நம்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை. வாசனை போகவில்லை.

அவனும் செத்துப்போனவனும் இரட்டையர்கள். ஒரே முகம், ஒரே குரல், ஒரே பல்வரிசை. பதினோரு நிமிஷம் முன்னால் பிறந்ததால் இவன் பெரியவன், அவன் சின்னவன். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சின்னவனுக்கு இந்தக் கணக்கே ஒரு கேலி. "என்ன பதினோரு நிமிஷம், சாப்டாச்சா?" என்றுதான் அண்ணனை விசாரிப்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவன் கைபட்டு ஓடியது.

ஒரே அச்சில் வார்த்த இருவரில் ஒருவனுக்கு மட்டும் இருபத்தாறு வயதிலேயே முடி கொட்ட ஆரம்பித்தது ஏன் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. முப்பத்தைந்தில் பெரியவனுக்கு உச்சி வழவழவென்று ஆகிவிட்டது. சின்னவனுக்கோ சீப்பு ஒடியும். இருவரும் சேர்ந்து நடந்தால், "இவரு உங்க அண்ணனா, சித்தப்பாவா?" என்று கேட்கிற பிரகஸ்பதிகள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். மற்ற வழுக்கைத் தலையர்கள் கண்ணாடியைப் பார்த்தால் தங்களைத்தான் பார்ப்பார்கள். இவன் எதிரிலோ, முடி இருந்தால் எப்படி இருந்திருப்பான் என்பதன் முழு உருவமும் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டது. அந்த எரிச்சலைத் தம்பி மேல் காட்ட முடியுமா? காட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

முகம் கழுவிவிட்டு வெளியே வந்தான். மெஷின் நின்றது. மேல்சட்டைக்குப் பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு நாலு விரல் மேலே பார்த்தாள்.

"அழகா இருக்குடா," என்றாள்.

* * *

அவனுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். எதிரே உட்காருகிறவர்களின் முகத்துக்கு அரை அடி தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய், சின்ன அளவுகோலை மூக்குத்தண்டில் வைத்து, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். சுவர் முழுக்கக் கண்ணாடி. மேஜைக்கு மேஜை சாய்த்து வைத்த சின்னக் கண்ணாடிகள் வேறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் தலை தனக்குத் தெரியும் இடம். வழுக்கையோடு பத்து வருஷம் அந்தக் கண்ணாடிகளுக்கு நடுவே நின்றவனுக்குத்தான் தெரியும், மனுஷன் ஏன் கத்திக்குத் தலையைக் கொடுக்கிறான் என்று.

இப்போது எல்லோரும் பாராட்டினார்கள். "யாருப்பா டாக்டர்? நம்பர் குடு, என் மச்சான் ஒருத்தன் அழுதுகிட்டிருக்கான்," என்றார் முதலாளி. வாடிக்கையாளர்கள் கண்ணாடிச் சட்டத்தைப் போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் தலையைப் பார்த்தார்கள். அவன் சிரித்து, நன்றி சொல்லி, குனிந்து அளந்தான்.

அன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அதே அளவுகோலைத் தன் நெற்றியில் வைத்தான். புருவ நடுவிலிருந்து முடி தொடங்கும் கோடு வரை ஏழு சென்டிமீட்டர் என்று முடி நட்ட டாக்டர் பேனாவால் வரைந்து, இவனையே அளவுகோல் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். இப்போது ஐந்தரை இருந்தது.

மறுபடி அளந்தான். ஐந்தரைதான். நட்ட முடி வளரும், நீளும். கீழே இறங்காது. இறங்க அங்கே வேர் கிடையாது.

கோட்டுக்குக் கீழே, வெறுமையாக இருக்க வேண்டிய தோலில், மெல்லிய கருப்புப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றன. சின்னவனுக்கு நெற்றி குறுகல் என்று அம்மா எப்போதும் சொல்வாள்.

* * *

நடந்தது இதுதான். முதல் தடவை அவன் போனது மலிவான ஓர் இடம். பின்னந்தலையில் இருந்ததைத் தாறுமாறாகப் பிடுங்கி முன்னால் நட்டார்கள், ஒன்றும் பிடிக்கவில்லை. பின்னாலும் போச்சு, முன்னாலும் போச்சு. இரண்டாவது டாக்டர் தலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எடுக்க ஒண்ணும் இல்லையே சார். அடுத்தவங்க முடியை உடம்பு ஏத்துக்காது. ஒட்டிப் பொறந்த மாதிரி அச்சு அசல் ரெட்டையா யாராவது இருந்தா உண்டு," என்று சிரித்தார். பெரியவன் சிரிக்கவில்லை.

சின்னவனிடம் கேட்க மூன்று வாரம் பிடித்தது. கேட்டதும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பின்னந்தலைதானே? எடுத்துக்கோ. அங்க என்ன எனக்குக் கண்ணா இருக்கு, பாத்து வருத்தப்பட?" அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் வேண்டாம் என்பாள். ஆகவே அவள் தன் தங்கை வீட்டுக்கு நாலு நாள் போயிருக்கும்போது முடித்துவிடுவது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தக் காலையில் சின்னவனுக்குக் காய்ச்சல். "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?" என்றான். அடுத்த வாரம் கிடையாது, விட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் அம்மாவும் வந்துவிடுவாள். பெரியவன் அலமாரியைத் திறந்து காய்ச்சல் மாத்திரை இரண்டை எடுத்துக் கொடுத்தான். "போட்டுக்கோ. அங்க நர்ஸ் டெம்பரேச்சர் பாக்கும்போது நார்மலா காட்டினா போதும்." சின்னவன் போட்டுக்கொண்டான். நர்ஸ் பார்த்தாள். நார்மலாகத்தான் காட்டியது. படிவத்தில் 'கடந்த ஒரு வாரத்தில் காய்ச்சல்' என்ற இடத்தில், தம்பிக்காக அண்ணனே 'இல்லை' என்று எழுதினான்.

இரண்டாயிரத்து நானூறு வேர்கள். மூன்றாம் நாள் சின்னவன் இறந்துபோனான். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அந்த மூன்றாம் நாள் மதியம் வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பெரியவன் யாரிடமும் சொல்லவில்லை.

உடம்பைத் துடைக்கும்போது அம்மா பின்னந்தலையைத் தடவி, "இது என்னடா புள்ளி புள்ளியா? ஏன் மழிச்சிருக்கான்?" என்று கேட்டாள். "சூட்டுக் கொப்புளம்மா. அதான் மழிச்சுக்கிட்டான்," என்றான். தன் தலைக் கட்டைப் பற்றிக் கேட்டபோது, தன் முடியையே எடுத்து நட்டதாகச் சொன்னான். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டாள். இரண்டு பொய்யையும் எட்டு மாதமாக அவன் திருத்தவில்லை. சொல்லிவிட்டால் அம்மா முகத்தில் முழிக்க முடியாது. அவளுக்கு மிச்சம் இருக்கிற ஒரே பிள்ளை இவன். இவனுக்கு மிச்சம் இருக்கிற ஒரே ஆள் அவள்.

மூன்றாவது வாரத்தில், டாக்டர் முன்பே சொன்னபடி, நட்ட முடி அத்தனையும் உதிர்ந்தது. குளியலறைத் தரையில் கொத்துக் கொத்தாகக் கிடந்ததைப் பார்த்து அவன் வெட்கமில்லாமல் நிம்மதிப்பட்டான். விட்டது சனி என்று நினைத்தான். நான்காவது மாதம் அது முளைக்க ஆரம்பித்தது.

* * *

அளந்த அன்றே முடியை வெட்டிவிடலாம் என்று சலூனுக்குப் போனான். முடிதிருத்துபவர் பழைய ஆள், சகோதரர்கள் இருவருக்குமே அவர்தான். "உங்க தலைல வெட்டறதுக்கு இல்ல தம்பி, தேடறதுக்குத்தான் கூலி கேக்கணும்," என்று முன்பெல்லாம் வம்பிழுப்பார். இன்று துணியைப் போர்த்திவிட்டு, சீப்பை வைத்ததும் கை நின்றது.

"காய்ச்சலா தம்பி?"

"இல்லையே."

"தலை கொதிக்குதே." அவர் உள்ளங்கையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோனார். "இங்க ஜில்லுன்னு இருக்கு." மறுபடி முன்னால் வைத்தார். "இங்க வைக்க முடியல. வேர்வை வேற."

கண்ணாடியில் பெரியவன் பார்த்தான். முகம் காய்ந்திருந்தது. கழுத்து காய்ந்திருந்தது. முடியின் வேரில் மட்டும் பொடிப்பொடியாக வேர்வை அரும்பி, இழை இழையாக ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரன் தலை அப்படித்தான் இருக்கும்.

கத்தரியின் சத்தம் காதருகே கேட்டது. கிரீஸ் வாசனை எழுந்தது.

"தலையை ஆட்டாதீங்க."

"நான் ஆட்டலையே."

அவர் இன்னொரு தடவை கத்தரியைக் கொண்டுவந்தார். பெரியவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாற்காலிக் கையை இறுக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தான். தோள் அசையவில்லை. கழுத்து அசையவில்லை. முடி கத்தரியை விட்டு விலகிப் படுத்தது. காற்றில்லாத அறையில், மெதுவாக, ஒரு பக்கமாக.

முடிதிருத்துபவர் கத்தரியைக் கீழே வைத்தார். நெற்றியோரம் சுழித்துக்கொண்டு நின்ற ஒரு கொத்தை வெகுநேரம் பார்த்தார்.

"முகம் மறந்து போகும் தம்பி, தலை எனக்கு மறக்காது. இந்தச் சுழி உங்க தம்பிக்குத்தான் இருந்துச்சு." போர்த்திய துணியை உருவினார். "இன்னிக்கு வேணாம். வீட்டுக்குப் போங்க. என்னவோ அது, அம்மாகிட்ட சொல்லிடுங்க."

அம்மாகிட்ட என்னத்தைச் சொல்ல? தெருவில் நடக்கும்போது வெயில் முகத்தில் விழுந்தது. தலைக்குள் எதுவோ பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கியது.

* * *

எட்டு மாதத்தில் அம்மா தேறியிருந்தாள். அதை அவன் இப்போதுதான் யோசித்தான். முதல் மூன்று மாதம் மெஷினைத் தொடவில்லை, வாயில் ஒரு கவளம் வைக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்தாள்? நான்காவது மாதம். எதற்கு எழுந்தாள் என்று அவன் கேட்கவில்லை. எழுந்ததே பெரிய விஷயமாக இருந்தது.

அன்று மாலை அவன் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது அவள் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு வெள்ளைத் துணியும் கொண்டுவந்தாள். துணியை நனைத்துப் பிழிந்து, அவன் முடிமேல் போட்டு ஒற்றினாள். குளிர்ந்த தண்ணீர் தோலில் படுவதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டது. மறுபடி நனைத்தாள். அவளுடைய கை பழகிய கை மாதிரி இருந்தது.

"நேத்தைக்கு இன்னிக்கு தேவலை," என்றாள்.

"எனக்குக் காய்ச்சலே இல்லம்மா."

"உனக்குன்னு யார் சொன்னா?"

அம்மா துணியைப் புரட்டிப் போட்டாள். வெளியே யாரோ கதவைச் சாத்தினார்கள். லிஃப்ட் ஏறுகிற சத்தம் சுவருக்குள் கேட்டது. அந்தச் சத்தம் நாலாவது மாடியைத் தாண்டும் வரை தலையில் இருந்த முடி ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது, காது கொடுத்துக் கேட்பதுபோல.

"அம்மா." கனைத்தான். "நான் தூங்கும்போது நீதான் எனக்குத் தலை வாரி விடுறியா?"

"நானா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு எதுக்குடா அந்த வேலை? அவனே வாரிக்கிறான்."

* * *

மறுநாள் ஞாயிறு. பகல் பன்னிரண்டு மணி. அவன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

சின்ன அறை. வெள்ளை ஓடு. உயரத்தில் ஒரு ஜன்னல், அதன் வழியே பட்டப்பகல் வெளிச்சம். பேய் பிசாசுக்கு ஏற்ற நேரமா இது, என்று தன்னைத்தானே கேலி செய்து பார்த்தான். கேலி எடுபடவில்லை. வாளியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தம் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தான். நெற்றி மூன்று விரல்கூட இல்லை. நேற்று புள்ளியாக நின்றதெல்லாம் இன்று முடியாக எழும்பியிருந்தது, அதற்குக் கீழே புதிதாக இன்னொரு வரிசைப் புள்ளி. காதோரமாகவும் இறங்கியிருந்தது. முகம் தன்னுடையதுதான். ஆனால் தன்னுடையதைவிட அது சின்னவனுடையது. அந்த முகத்தில் சின்னவனுக்கு இல்லாதது ஒன்றுதான், பயம்.

சவர மெஷினை எடுத்தான். பொத்தானை அழுத்தினான். உர்ரென்றது.

நெற்றியில் வைத்தான்.

அடுத்த அறையில் மெஷின் நின்றது.

ஒரு கோடு இழுத்தான். ஒரே ஒரு கோடு. முடி விழுந்தது. விழுந்த முடி கைகழுவும் தொட்டியின் வெள்ளைப் பீங்கானில் சுருண்டது. சூடாக இருந்தது. மழித்த தோலில் இரண்டு விரல் அகலத்துக்குப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் வேர்வை துளிர்த்தது. கண்ணில் வழிந்தது. கரித்தது.

பிறகு குரல். காதில் கேட்கவில்லை. மண்டை ஓட்டுக்கும் தோலுக்கும் நடுவில்.

*அண்ணா.*

சின்னவன் அவனை அப்படிக் கூப்பிட்டது வாழ்க்கையிலேயே ஒரு தடவைதான்.

சவர மெஷின் கையிலிருந்து விழுந்து தரையில் உர்ரென்று சுற்றியது. கதவு தட்டப்பட்டது. மெதுவாக. இரண்டு தடவை.

"டேய் பெரியவனே. அவனை ஒண்ணும் பண்ணிடாதடா."

தாழைத் திறந்தான். வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். மழித்த இடத்தைப் பார்த்து, "ஐயோ, இப்படிப் பண்ணிட்டியே," என்று ஊதினாள். குழந்தைக்குக் காயத்தில் ஊதுகிற மாதிரி.

இனி அடக்க முடியவில்லை. எல்லாம் கொட்டிவிட்டது. மாத்திரை கொடுத்தது. 'இல்லை' என்று எழுதியது. சூட்டுக் கொப்புளம் என்று சொன்னது. அழுகையும் பேச்சும் கலந்து வந்தது. அம்மாவின் விரல்கள் முடிக்குள் போய் வந்துகொண்டிருந்தன.

"மூணாம் நாள் மத்தியானம் தண்ணி குடிக்க எழுந்தான்மா. கட்டில் பக்கத்துல விழுந்துட்டான். எழுந்திருக்க முடியல. 'அண்ணா, கொஞ்சம் தூக்கி விடு'ன்னான்."

"ம்."

"அஞ்சு நாளைக்குத் தலையைக் குனியக் கூடாதுன்னு எனக்குச் சொல்லியிருந்தாங்க. குனிஞ்சா நட்டதெல்லாம் பிடுங்கிக்கிட்டு வந்துடும்னு. நான்... கிளினிக்குக்கு போன் போட்டேம்மா. குனிஞ்சு ஒரு ஆளைத் தூக்கலாமான்னு கேட்டேன். யாரைன்னு சொல்லல. அந்தப் பொண்ணு கண்டிப்பா கூடாது சார்ன்னுது."

"ம்."

"நின்னுகிட்டே இருந்தேன். அவன் என்னையே பாத்துகிட்டிருந்தான். கீழ கெடந்த தலையணையை அவன் பக்கம் காலால தள்ளி விட்டேன். கையால எடுத்துக் குடுக்கல, காலால. அதுக்கப்புறம்தான் ஆம்புலன்சுக்கு போன் பண்ணேன். அது வர இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. நான் குனியலம்மா. கடைசி வரைக்கும் நான் குனியவே இல்ல."

குழாய் சொட்டியது. சவர மெஷின் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோயிருந்தது.

"தெரியும்," என்றாள் அம்மா.

அவன் தலையைத் தூக்கப் பார்த்தான். கை தூக்க விடவில்லை.

"நாலு மாசமா எங்கிட்ட சொல்லிகிட்டுதான் இருக்கான். காலால தள்ளினதையும் சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் அழுதுட்டான், பாவம்."

"அம்மா... என்மேல கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. இல்லாம இருக்குமா?" குரலில் சூடே இல்லை. மாலை வேளையில் காய்ந்த துணியை மடிக்கும்போது பேசுகிற குரல். "ஆனா கோவப்பட்டு உன்னைத் துரத்திட்டா அவன் எங்க போவான்? அவனுக்கு இருக்கிறதே இந்த இடம்தான்."

இதைவிடத் திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். செருப்பைக் கழற்றியிருந்தாலும் தாங்கியிருப்பான். எட்டு மாதமாக அவன் பயந்தது அவளுடைய கோபத்துக்கு. இதற்கு எப்படிப் பயப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

அவள் விரல்களுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. நெற்றியில். குறுகுறுவென்று. எறும்புச் சாரை மாதிரி மெல்ல, வரிசை பிசகாமல், கீழே. மழித்த கோடு மூடிக்கொண்டது. புருவத்தைத் தொட்டது. சூடு. கிரீஸ். சூடு.

அம்மா குனிந்தாள். வாயைக் காதருகே வைத்தாள். சின்ன வயதில் ஒரே பாயில் இரண்டு பேரையும் படுக்க வைத்துவிட்டுச் சொல்வாளே, அதே கொஞ்சலான, அலுத்துக்கொள்கிற குரல்.

"கொஞ்சம் தள்ளிக்கோடா பெரியவனே. அவனுக்கு இடம் பத்தல."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கையை உதறி எழுந்து, கதவைத் திறந்து, வெயிலில் தெருவோடு ஓடியிருக்கலாம். கால் இருந்தது. வாய் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு எல்லாமே அவனுடையதாக இருந்தது.

இந்த ஒரு தடவையாவது, என்று நினைத்தான்.

தள்ளிக்கொண்டான்.

முதலில் கண்ணை விட்டுக் கொடுத்தான். வெளிச்சம் விலகியது. பிறகு மூக்கு. கிரீஸ் வாசனை நின்றது. பிறகு நாக்கு. பின்னால் போனான். இன்னும் பின்னால். பின்னந்தலை வரை. அங்கே ஒன்றும் இல்லை. ஜில்லென்ற வெற்றுத் தோல். பிடித்துக்கொள்ள ஒரு முடி இல்லை.

வெகு தூரத்தில் ஒரு வாய் திறந்தது.

"அம்மா, பசிக்குது."

"இதோ, இதோடா கண்ணு." அம்மா அவசர அவசரமாக எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் அந்த முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். அவள் சிரிப்பது கேட்டது, எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாய் நிறைய. அடுப்பு பற்றியது. தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு தட்டு.

பெரியவன் எங்கே என்று அவள் கேட்கவில்லை.